ஈரத் தடுப்புத் துணைக்குழு

ஒலி முகம்மதுவின் கார் சிராங்கூன் ரோட்டின் நடுவில் நின்றபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் அந்தக் கார் நின்றுவிடும் என்பது தெம்பனிஸில் அவர் குடியிருந்த புளோக்கில் எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அன்று அது நின்ற இடம் தீபாவளி அலங்கார வளைவுக்கு நேர் கீழே. நின்ற நேரம், சிங்கைத் தமிழர் பழங்கார்க் கழகத்தின் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் நடந்துகொண்டிருந்த நேரம். முன்னால் போன கார்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டன. பின்னால் வந்தவை ஹாரன் அடித்தன. அவற்றுக்கும் பின்னால் ஒரு மாடிப் பேருந்து நின்றது. மேல் மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பதுருன்னிசா பதறவில்லை. கைப்பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். இந்தக் காரில் ஏறும்போதெல்லாம் தின்பதற்கு ஏதாவது எடுத்து வருவது அவர் வழக்கம்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

"ஈரம் காயணும்."

"மழை விட்டாத்தானே காயும்?"

"ஆமா."

"அப்ப நான் தேக்கா மார்க்கெட்டுல எறங்கி மீன் வாங்கிட்டு வந்திர்றேன்."

சொன்னபடியே போய், பாறை மீனும் கொஞ்சம் இறாலும் வாங்கி, தெரிந்தவர் ஒருவரோடு நின்று பேசிவிட்டுத் திரும்பி வந்தார். கார் அதே இடத்தில் நின்றது. ஒலி முகம்மது காரின் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் சட்டையைக் கழற்றி எஞ்சினுக்குள் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் துடைத்துக்கொண்டிருந்தது டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை. இன்றைய கார்களில் அப்படியொரு பொருளே கிடையாது. பழைய கார்களில் உண்டு. எஞ்சினில் பெட்ரோலைக் கொளுத்துவதற்கு நான்கு பிளக்குகள் இருக்கின்றன என்றால், அந்த நான்குக்கும் மின்சாரத்தை முறை வைத்துப் பகிர்ந்து கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் தலையில், கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணம் போல, ஒயர்கள் முளைத்த கறுப்பு மூடி ஒன்று இருக்கும். அதற்குள் ஈரம் புகுந்தால் மின்சாரம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் ஈரத்தின் வழியே ஓடிவிடும். எஞ்சின் இருமும், விக்கும், அப்புறம் அடங்கிவிடும். ஒலி முகம்மதுவின் கார், அவரைவிட ஓரிரு வயது மட்டுமே இளைய, பச்சை நிறச் சின்ன ஆங்கிலக் கார். அதைச் செய்தவர்கள் அந்த மூடியைக் காரின் முன்பக்கச் சல்லடைக்கு நேர் பின்னால், மழை முகத்தில் அடிக்கும்படி வைத்திருந்தார்கள். மழைக்குப் பேர் போன நாட்டில் பிறந்தவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று அவர் பல தடவை யோசித்ததுண்டு.

அப்போது கழகத்தின் தலைவர் மாணிக்கம் குடை பிடித்தபடி நடந்து வந்தார். மாணிக்கம் வழக்கறிஞர். எதையும் மூன்று பேர் கேட்கும்படிதான் சொல்வார்.

"என்ன பாய், ஓட்டத்தான் முடியல, நிறுத்துறதுக்காச்சும் நல்ல இடமா பாக்கக் கூடாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேருந்து ஓட்டுநரும் சிரித்தார். ஒலி முகம்மதுவுக்குக் காது மடல் சுட்டது. இதற்குக் காரணம் உண்டு. ஓய்வு பெறும்வரை அவர் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இடர் நிர்வாகப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். என்னென்ன கெட்டது நடக்கக்கூடும் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பதற்காக அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு சம்பளமில்லாமலே அந்த வேலையைத் தொடர்ந்தார். வீட்டில் ஒவ்வோர் அறையிலும் டார்ச் லைட் இருந்தது. சமையலறையில் தீயணைப்பான் இருந்தது. அது வேலை செய்யாவிட்டால் உதவுவதற்கு இன்னொன்றும் இருந்தது. "இவரு மவுத்துக்கே ரிஹர்சல் பாக்குற ஆளு," என்று பதுருன்னிசா உறவினர்களிடம் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு மூடி நடுரோட்டில் நிறுத்திவிட்டது.

அன்று மாலையே கழகத்தின் வாட்ஸப் குழுவில் தன் சந்தேகத்தைப் போட்டார். பதில்கள் மழையைவிட வேகமாக வந்தன. ஒருவர் ஈரம் விரட்டும் எண்ணெயைப் பீய்ச்சச் சொன்னார். இன்னொருவர், அதைப் பீய்ச்சித்தான் தன் மூடி வெடித்தது என்றார். நகப்பூச்சு பூசுங்கள் என்றார் ஒருவர். எந்த நிறம் என்று ஒருவர் கேட்டார். முடி காயவைக்கும் கருவியை எப்போதும் காரில் வைத்துக்கொள்ளலாம் என்றார் செயலாளர் இப்ராஹீம். அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்டதும், "அது உங்க ஏற்பாடு லா," என்று எழுதிவிட்டுப் பேச்சிலிருந்து நழுவிவிட்டார். மாணிக்கம் மட்டும் சுருக்கமாக எழுதினார்: "மழையில் எடுக்காதீர்கள்."

செங்காங்கில் பல் மருத்துவமனை வைத்திருந்த வசந்தகுமாரியும் கழகத்தில் ஓர் உறுப்பினர். ஆரஞ்சு நிறக் கார் வைத்திருந்தார். "மூடியைக் கழற்றி நல்லாத் துடையுங்க பாய். விரிசல் இருக்கான்னு பாருங்க. ஒயர் பழசா இருந்தா மாத்துங்க. அவ்வளவுதான்," என்று எழுதினார். அந்த யோசனை மிகவும் எளிதாக இருந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒலி முகம்மது எல்லா யோசனைகளையும் ஒருசேரச் செய்வது என்று முடிவெடுத்தார். ஒரு தடுப்பு தவறினால் அடுத்தது காப்பாற்றும் என்பது அவர் தொழிலின் கொள்கை. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். எண்ணெய் பீய்ச்சினார். ஒயர்கள் மூடியில் செருகும் இடங்களில் சிலிக்கோன் பசையை வழித்துவிட்டார். சமையலறையிலிருந்து மஞ்சள் ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து வந்து, விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒவ்வோர் ஒயரை இழுத்து, கையுறையை மூடியின் மேல் சட்டைபோல மாட்டினார். நாலு பிளக்குக்கு நாலு ஒயர், நடுவில் வருவது ஒன்று, மொத்தம் ஐந்து. கைக்கும் ஐந்து விரல். இந்தப் பொருத்தம் அவருக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது.

ஈரத்தை உறிஞ்சுவதற்கும் ஒரு வழி செய்தார். புதுச் செருப்பு, மாத்திரைப் புட்டி, பிஸ்கட் டின் என்று எதைத் திறந்தாலும் உள்ளே கிடக்குமே, தின்னாதே என்று எச்சரிக்கும் சின்னப் பொட்டலங்கள், அவற்றையெல்லாம் உறவினர் வீடுகளில் சொல்லிவைத்து வாங்கிச் சேர்த்து எஞ்சின் அறையெங்கும் கட்டித் தொங்கவிட்டார். வீட்டில் அப்பளப்பூவும் பிஸ்கட்டும் நமுத்துப்போயின.

"காருக்கு ஈரம் ஆகாது, நான் ஈரமான பிஸ்கட்டத் திங்கணுமா?" என்று கேட்டார் பதுருன்னிசா. "என் கையுறைய வேற காணோம்."

"வேற வாங்கித் தர்றேன்."

"வலது கைதான் போச்சு. இடது கைய வச்சு என்ன பண்ணச் சொல்றீங்க?"

"அது ஸ்பேருக்கு," என்றார் அவர்.

இந்த வேலையின்போதுதான் அவர் அதைக் கண்டுபிடித்தார். மூடியின் விளிம்பில், கண்ணுக்கே தெரியாத இடத்தில், ஒரு சின்ன ஓட்டை. குண்டூசி நுழையும் அளவுதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து, மறுபடியும் பார்த்தார். ஓட்டையேதான். எத்தனையோ ஆண்டுகளாக எத்தனையோ பேர் இந்தக் காரை ஓட்டியிருக்கிறார்கள், கழற்றியிருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள். ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. ஈரம் புகும் வாசல் இதுதான். ஆங்கிலேயன் விட்ட தவறை அவர் பெருமிதத்தோடு சிலிக்கோன் பசையால் அடைத்தார். கைவிரலால் தடவிச் சமன்படுத்தினார்.

சோதனைக்குப் பதுருன்னிசாவைக் கூப்பிட்டார். பூச்செடிக்கு ஊற்றும் வாளியோடு அவர் கீழே வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, "ஊத்து," என்றார் ஒலி முகம்மது. பதுருன்னிசா ஊற்றினார். எஞ்சின் ஓடியது. "இன்னும் ஊத்து." ஊற்றினார். மூடியின்மேலும் ஊற்றினார், சல்லடைமேலும் ஊற்றினார், கொஞ்சம் கணவரின் மேலும் ஊற்றினார். எஞ்சின் ஒரு தரம்கூட விக்கவில்லை. ஒலி முகம்மது நனைந்த உடம்போடு நின்று சிரித்தார். கலியாணமான புதிதில் சிரித்த சிரிப்பு அது என்று பதுருன்னிசாவுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு இரண்டொரு தடவை, நல்ல வெயில் நாளில், கார் கிளம்ப மறுத்தது உண்மைதான். வெயிலுக்கும் ஈரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதால் அது பாட்டரியின் கோளாறு என்று முடிவு செய்து புதுப் பாட்டரி போட்டார்.

அடுத்த கழகக் கூட்டம் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஓர் உணவகத்தின் மாடியில் நடந்தது. ஒலி முகம்மது திரையில் படங்கள் காட்டிப் பேசினார். ஓட்டையின் படத்தை மட்டும் சுவரளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார். அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒவ்வொருவரும் தன் காரிலும் அப்படியோர் ஓட்டை இருக்குமோ என்று கலங்கினார்கள்.

வசந்தகுமாரி கையைத் தூக்கினார். "பாய், அந்த ஓட்டையை வேணும்னே வச்சிருப்பாங்களோ?"

"ஓட்டையை யாராச்சும் வேணும்னு வைப்பாங்களா டாக்டர்? உங்க தொழில்லயே ஓட்டைன்னா அடைக்கிறதுதானே?"

எல்லாரும் சிரித்தார்கள். பல் மருத்துவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது.

கழகத்துக்கு ஒரு நல்லது நடந்தால் அதை உடனே குழுவாக்கிவிடுவது மாணிக்கத்தின் பழக்கம். அன்றே ஈரத் தடுப்புத் துணைக்குழு அமைக்கப்பட்டது. ஒலி முகம்மது அதன் தலைவர். வழிகாட்டி நெறிமுறைகள் அச்சாயின. முதலாவது, எண்ணெய். இரண்டாவது, கையுறை. மூன்றாவது, துளை அடைப்பு. கையுறை எல்லாக் கார்களிலும் ஒரே மஞ்சளாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒற்றுமை தெரியும் என்று இப்ராஹீம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதற்குத்தான் விவாதம் நெடுநேரம் நடந்தது. துளை அடைப்பு விவாதமில்லாமல் நிறைவேறியது.

பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவிலிருந்து தெம்பனிஸ் வரை பெரிய ஊர்வலம் ஏற்பாடாகியிருந்தது. சிறப்பு விருந்தினராக, வட்டாரத்து மக்கள் பணிகளைப் பார்க்கும் அடித்தளத் தலைவர் ஒருவர் வந்து கொடியசைப்பதாக இருந்தது. இந்தப் பழைய கார்களை வருஷத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குமேல் ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை. அதனால் ஊர்வல நாள் ஒவ்வோர் உறுப்பினருக்கும் பெருநாள் மாதிரி. முதல்நாள் மாலை ஒத்திகை நடந்தது. சிணுங்கிச் சிணுங்கித் தூறல். கார்கள் சுற்றிவந்து, சூடான எஞ்சினோடு தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு திறந்தவெளியில் வரிசையாக நின்றன. கூடாரத்துக்குக் கீழே ஒலி முகம்மது ஒவ்வொரு காராகப் போய், ஒவ்வொரு மூடியாகக் கழற்றி, தன் கையாலேயே துளைகளை அடைத்தார். தன் காரின் மூடியையும் திறந்து பார்த்து, மறுபடி பூசி அடைத்தார். கையுறை மாட்டினார். மாணிக்கம் தன் வெள்ளைக் காருக்குக் கையுறை மாட்டும்போது படம் எடுக்கச் சொன்னார்.

வசந்தகுமாரி ஒத்திகைக்கு நேரம் கழித்து வந்து, சீக்கிரம் கிளம்பினார்.

"டாக்டர், உங்க மூடி?" என்று கூப்பிட்டார் ஒலி முகம்மது.

"நாளைக்குப் பாத்துக்கலாம் பாய். இன்னிக்கு பூரா பல்லு புடுங்கிப் புடுங்கிக் கை விட்டுப் போச்சு."

"விதின்னு ஒன்னு இருக்கு டாக்டர்," என்று இப்ராஹீம் நெறிமுறையைக் காட்டினார். வசந்தகுமாரி கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இப்ராஹீம் அவர் பெயருக்கு எதிரில் 'பின்பற்றவில்லை' என்று குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு மேகம் இல்லை. ரோடு காய்ந்து கிடந்தது. ஒலி முகம்மதுவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். மழை பெய்திருந்தால் தன் ஏற்பாட்டின் அருமை தெரிந்திருக்கும் என்று நினைத்தார்.

உறுமி மேளம் முழங்கியது. சிறப்பு விருந்தினர் கொடியை அசைத்தார். மாணிக்கம் சாவியைத் திருப்பினார். அவருடைய வெள்ளைக் கார் ஒரு நீண்ட முனகல் முனகியது. மறுபடியும் திருப்பினார். மறுபடியும் முனகல். பின்னால் இப்ராஹீமின் கார் முனகியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. வரிசை முழுக்க, ஒன்று மாற்றி ஒன்றாக, முனகல் கேட்டது. உறுமி வாசித்தவர்கள் அதை ஒரு புதுத் தாளம் என்று நினைத்துக் கூடவே வாசித்தார்கள். சிறப்பு விருந்தினர், தான் சரியாக அசைக்கவில்லையோ என்று எண்ணி, இன்னொரு தடவை கொடியசைத்தார். பிறகு கை மாற்றி அசைத்தார்.

ஒலி முகம்மதுவின் காரும் கிளம்பவில்லை.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. வசந்தகுமாரியின் ஆரஞ்சுக் கார் முதல் திருப்பிலேயே கிளம்பி, தம்தம் என்று புகை விட்டுக்கொண்டு நின்றது. வேறு வழியில்லாமல் சிறப்பு விருந்தினரை அதில் ஏற்றினார்கள். பதாகையை அதில் கட்டினார்கள். முன்னால் இரண்டு மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு ஆம்புலன்ஸ், நடுவில் நெறிமுறையைப் பின்பற்றாத ஒரே ஒரு கார் என்று ஊர்வலம் தெம்பனிஸுக்குப் புறப்பட்டது. இருபுறமும் நின்ற மக்கள் கைதட்டினார்கள். இன்னும் நிறையக் கார்கள் வந்திருக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒலி முகம்மது காரின் மூக்கைத் திறந்தார். கையுறையை உருவி, பசையைப் பிய்த்து, மூடியைக் கழற்றினார். உள்ளே, கறுப்புச் சுவர் முழுக்க, பொடிப்பொடியாக நீர்த்துளிகள். ஓடி வந்தவன் நெற்றியில் வியர்வை பூத்த மாதிரி. வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை. முந்தின மாலைத் தூறலின் ஈரக் காற்றை உள்ளே வைத்துத் தன் கையாலேயே பூட்டியது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எஞ்சின் சூட்டில் அந்தக் காற்று வெந்து, இரவுக் குளிரில் மூடியின் உட்புறத்தில் வியர்த்திருக்கிறது. போவதற்கு அதற்கு வழி இல்லை. வழி அந்தத் துளைதான். வெயில் நாட்களில் கார் கிளம்பாததும், பாட்டரி மாற்றியதும் ஞாபகத்துக்கு வந்தன.

பதுருன்னிசா எட்டிப் பார்த்தார். "உள்ளேயிருந்து எப்படி நனஞ்சிச்சு?"

"மூச்சு விட்டிருக்கு. விட்ட மூச்சு வெளிய போகல."

அவர் கணவரின் முகத்தைப் பார்த்தார். கேலி செய்யத்தான் வாயைத் திறந்தார்; செய்யவில்லை. முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். அவர் வேண்டாமென்று தலையாட்டினார்.

அடுத்த வாரம் அவசரக் கூட்டம் கூடியது. ஒலி முகம்மது இரவெல்லாம் யோசித்து, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தார். எழுந்து நின்றார்.

"அந்த ஓட்டைய நான்தான்..."

"உக்காருங்க பாய்," என்றார் மாணிக்கம். "யாரும் யாரையும் குத்தம் சொல்றதுக்கு நாம கூடல."

"நான் என்னையத்தான் சொல்றேன்."

"அதுவும் வேணாம். நீங்க செஞ்சது நெறிமுறைப்படி. நெறிமுறைக்கு ஓட்டுப் போட்டது நாங்க எல்லாரும். அப்ப தப்பு எங்க எல்லார் மேலயும் வருமே. அது எப்படி?"

எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் எல்லாரும் தலையாட்டினார்கள். இப்ராஹீம் எழுதிய அறிக்கையில், அன்று காலை எதிர்பாராத வளிமண்டல நிலை காரணமாக ஊர்வலம் சுருக்கமான வடிவில் சிறப்பாக நடந்தேறியது என்று இருந்தது. நெறிமுறைகளை இன்னும் கடுமையாகப் பின்பற்றுவது என்று தீர்மானம் நிறைவேறியது. பின்பற்றாமல் காரை ஓட்டியதற்காக வசந்தகுமாரியிடம் விளக்கம் கேட்பது என்றும் முடிவானது.

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது வசந்தகுமாரி ஒலி முகம்மதுவின் பக்கத்தில் வந்தார். அவருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. "பாய், மூக்கை அடைச்சு, வாயைக் கட்டி, மேல போர்வையும் போத்திட்டீங்க. அது எப்படிப் பொழைக்கும்?"

"அன்னிக்கே நீங்க கேட்டீங்க டாக்டர். நான்தான் ஜோக்கு அடிச்சேன்."

"உங்க ஜோக்குக்கு நானும்தான் சிரிச்சேன். சரி, இப்ப உங்க வண்டிய என்ன பண்ணப் போறீங்க?"

"ஓட்டையத் திறக்கணும். ஊசியால குத்திப் பாத்தேன். பசை ரப்பராட்டம் இறுகிப் பிடிச்சிருக்கு. அழுத்துனா மூடி வெடிச்சிரும்."

வசந்தகுமாரி கொஞ்சம் யோசித்தார். "சனிக்கிழமை கிளினிக்குக்குக் கொண்டாங்க," என்றார்.

சனிக்கிழமை ஒலி முகம்மது மூடியின் உட்புறத்தைத் துடைத்துக் காயவைத்து, காரை ஒருவழியாகச் செங்காங்குக்கு ஓட்டி வந்தார். மதியம் கடைசி நோயாளி போன பிறகு, நாற்காலிக்கு மேலே தொங்கும் பெரிய விளக்கின் கீழ் மூடி வைக்கப்பட்டது. பல்லில் சொத்தை பார்க்கும் கொக்கிக் கம்பியால் வசந்தகுமாரி துளையிலிருந்த பசையைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தார். காற்று ஊதினார். மூடியின் உட்புறத்தையும் சுத்தமாகத் துடைத்தார். ஒரு விரிசலும் இல்லை என்று பார்த்துச் சொன்னார். வேலையெல்லாம் சில நிமிடம்தான். வாழ்நாளெல்லாம் ஓட்டை அடைத்தே பிழைத்த தனக்கு ஒன்றைத் திறப்பது வினோதமாக இருக்கிறது என்றார். ஒலி முகம்மது வெளியே போய், கார் நிறுத்துமிடத்தில் மூடியை மாட்டி, பழைய ஒயர்களைக் கழற்றிப் புது ஒயர்கள் போட்டார். கார் கிளம்பியது. அன்று மழையும் பெய்தது. மழையிலேயே செங்காங்கிலிருந்து தெம்பனிஸ் போய்ச் சேர்ந்தார். வழியில் எங்கும் நிற்கவில்லை.

இது வெளியே தெரியக்கூடாது என்று இருவரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அடுத்த வாரம் இப்ராஹீம் போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"பாய், செயலாளர்ங்கிற முறையில பேசல. ஒரு சாதாரண ஆளாக் கேக்குறேன். என் வண்டி இன்னும் கிளம்ப மாட்டேங்குது."

"நெறிமுறை?"

"வெளிய கையுறை இருக்கட்டும் லா. உள்ள மட்டும் கொஞ்சம்..."

அவருடைய மூடியும் சனிக்கிழமை நாற்காலிக்கு வந்தது. அதற்குப் பிறகு இன்னொருவர். பிறகு இன்னொருவர். ஒவ்வொருவரும் மூடியைப் பழந்துணியில் சுற்றி, பேரங்காடிப் பைக்குள் மறைத்து எடுத்து வந்தார்கள். "தலைவருக்குத் தெரிய வேண்டாம்" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். தன்னைத் தவிர வேறு யாரும் வரவில்லை என்றே ஒவ்வொருவரும் நம்பினார்கள். ஒரு தடவை ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பல்வலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருவருக்கு உண்மையிலேயே சொத்தை இருந்தது. வசந்தகுமாரி அதை அடைத்து அனுப்பினார்.

கடைசியில் ஒரு நாள் மாணிக்கமே போன் செய்தார். முதலில் பருவநிலையைப் பற்றிப் பேசினார். பிறகு கழகத்தின் எதிர்காலத்தைப் பற்றி. அதற்குப் பிறகு குரல் மாறியது.

"பாய், நமக்குள்ள இருக்கட்டும். என் வண்டி மட்டும் ஓட மாட்டேங்குது. எல்லாரும் நெறிமுறைப்படி அடைச்சிட்டு நல்லா ஓட்டுறாங்க. என்னோடதுல என்ன கோளாறுன்னே தெரியல."

ஒலி முகம்மதுவுக்கு ஒரு கணம் சிராங்கூன் ரோடு கண்முன் வந்தது. பதிலுக்கு ஒன்று சொல்லியிருக்கலாம். மூன்று பேர் கேட்கும்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் மனிதர் உண்மையிலேயே வருத்தத்தில் இருந்தார். கிளம்பாத காரின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று இவருக்குத் தெரியும்.

"மூடியக் கழட்டிக் கொண்டாங்க," என்றார். "டாக்டருக்கு சனிக்கிழமை நேரமிருக்கும்."

ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி மறுபடியும் ஊர்வலம். இந்தத் தடவை கொடியசைக்கும்போதே இடி இடித்து மழை பிடித்துக்கொண்டது. மஞ்சள் கையுறை மாட்டிய அத்தனை கார்களும் முதல் திருப்பில் கிளம்பின. தெம்பனிஸ் வரை ஒன்றும் நிற்கவில்லை. சமூக மன்றத்தின் மேடையில் மாணிக்கம் நெறிமுறைகளை உயர்த்திப் பிடித்துப் பேசினார். சோதனைகள் வந்தபோதும் கழகம் கொள்கையில் தளரவில்லை என்றார். மூன்றாவது விதியான துளை அடைப்பே இந்த வெற்றிக்கு அடித்தளம் என்றார். அவர் அதைச் சொல்லும்போது கூட்டத்தில் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு ஒலி முகம்மதுவுக்குக் கேடயம் கொடுத்து, ஒலிவாங்கியை நீட்டினார்.

ஒலி முகம்மது கீழே பார்த்தார். உறுப்பினர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்ராஹீம் கண்ணாலேயே கெஞ்சினார். வசந்தகுமாரி கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார், தோள் குலுங்கியது. பதுருன்னிசா மட்டும் சாதாரணமாக வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் நன்றி," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பலத்த கைதட்டல். அது ஓய்ந்ததும் மாணிக்கம் இன்னோர் அறிவிப்பும் செய்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் தமிழர் கார்க் கழகம் இந்த நெறிமுறைகளைக் கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறது, அவர்களும் கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள், நம் புகழ் பாலம் தாண்டிவிட்டது என்றார்.

ஒலி முகம்மது தன் வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஜொகூர்க் கழகத்தின் செயலாளர் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"தம்பி, ஒரு விஷயம். அந்த மூணாவது விதி இருக்கே, துளை அடைக்கிறது. அத மட்டும் செய்யாதீங்க. தப்பு. நான்தான் எழுதினேன், நானே சொல்றேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தெரியும் அண்ணே. நாங்க யாரும் அடைக்கல. காத்துப் போக வேணாமா? ஆனா உங்க தலைவர்கிட்ட சொல்லிடாதீங்க. முழுசாப் பின்பற்றிட்டோம்னு அவருக்குக் கடுதாசி போட்டுட்டோம்."